மூளையின் வெண்பொருளை அளப்பதா, ஊசிக்குக் காசை வைப்பதா?

ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கிய சித்தி நேராக அஸ்தம்பட்டியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டார். காபிகூடக் குடிக்கவில்லை. பையிலிருந்து நாலாக மடித்த ஒரு விளம்பரத் தாளை எடுத்து நீட்டினார். சிவப்பு, பச்சை, நீல நூல்களால் பின்னினாற்போல ஒரு மூளைப் படம். மூளையின் இணைப்புகளைப் படம் பிடித்து மனநோயின் காரணத்தைச் சொல்லிவிடுவோம் என்று கீழே எழுதியிருந்தது.

"கண்ணு, இதை எடுத்தா தம்பிக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுடுமா?"

நான் சேலத்தில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். இதே கேள்வியை ஸ்கேன் அறை வாசலில் எத்தனையோ அம்மாக்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "டாக்டர்கிட்ட கேளுங்கம்மா" என்று சொல்லித்தான் பழக்கம். சித்தியிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. அவர் கையில் இருந்தது மிளகு விற்ற காசு. அது ஒரு தடவைதான் செலவாகும்.

தம்பிக்கு 22 வயது. நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, அதுதான் குடும்பத்துக்கு வருமானம். கல்லூரி மூன்றாம் ஆண்டில் படிப்பை விட்டான். யாரோ பேசுவது கேட்கிறது என்றான், அப்புறம் ராத்திரியெல்லாம் கதவைத் தாழிட்டு உட்கார்ந்தான். மனநல மருத்துவர் மனச்சிதைவு நோய் என்றார். மாத்திரை நன்றாகவே கேட்டது. ஆனால் நன்றாகிவிட்டது என்று இரண்டு முறை அவனாகவே நிறுத்தினான், இரண்டு முறையும் பழையபடி ஆனது. மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு மாறலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்த சமயத்தில்தான் இந்த விளம்பரத் தாள் சித்தி கைக்கு வந்திருக்கிறது.

ஆக, எங்கள் முன்னால் இருந்த வழிகள் இவை: சாதாரண எம்.ஆர்.ஐ.யும் அடிப்படை ரத்தப் பரிசோதனைகளும். விளம்பரத்தில் இருந்த டி.டி.ஐ. என்ற வெண்பொருள் ஸ்கேன். நரம்புத் தேய்மானத்தைக் காட்டும் என்று சொல்லப்படும் சிறப்பு ரத்தப் பரிசோதனைகள். ஆராய்ச்சி நடக்கும் இடத்தில் சேர்வது. இல்லையென்றால் எதையும் எடுக்காமல் காசை ஊசிக்கும் போக்குவரத்துக்கும் வைப்பது. ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியை வைத்துப் பார்த்தேன். முடிவு கைக்கு வந்தபின் தம்பியின் வைத்தியத்தில் எது மாறும்?

முதலில் வெண்பொருள் என்றால் என்ன என்பதைச் சித்திக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மூளையை நறுக்கினால் ஓரத்தில் சாம்பல் நிறமும் உள்ளே வெள்ளையும் தெரியும். சாம்பல் பகுதியில் நரம்பணுக்கள் இருக்கின்றன. வெள்ளைப் பகுதி முழுக்க அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் இழைகள். இழையைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது, வெள்ளை நிறம் அதிலிருந்து வருகிறது. ஆலிகோடென்ட்ரோசைட் என்ற அணுக்கள் அந்த உறையைச் சுற்றிச் சுற்றிப் போர்த்துகின்றன. செய்தி வேகமாகவும் நேரம் தவறாமலும் போக அந்த உறை வேண்டும். நெற்றிப்பக்க மூளையில் இந்த வேலை இருபது வயதைத் தாண்டியும் முடிவதில்லை. மனச்சிதைவு பெரும்பாலும் தலைகாட்டுவதும் அதே வயதில்தான். ஆராய்ச்சியாளர்களின் கண் வெண்பொருள் மேல் விழுந்ததற்கு இது ஒரு காரணம்.

சந்தேகம் வெறும் ஊகமாக நிற்கவில்லை. மனச்சிதைவு நோயோடு வாழ்ந்து இறந்தவர்களின் மூளைத் திசுவை ஆராய்ந்து 2001-ல் வெளிவந்த ஆய்வில், மயலின் சம்பந்தப்பட்ட மரபணுக்களின் செயல்பாடு குறைந்திருந்தது தெரிந்தது. 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த இன்னொரு ஆய்வும் ஆலிகோடென்ட்ரோசைட் அணுக்களையே சுட்டிக்காட்டியது. விஷயம் உண்மை. விளம்பரக்காரர்கள் இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை. ஆனால் ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும் உண்மை, ஒரு பையனைப் பார்த்துச் சொல்லும் உண்மை ஆகிவிடாது. சித்தியிடம் நான் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான்.

டி.டி.ஐ. அளப்பது மயலினை அல்ல, தண்ணீரை. மூங்கில்களைக் கட்டாகக் கட்டி நீரில் போட்டால், உள்ளே இருக்கும் நீர் நீளவாக்கில் எளிதாக நகரும், குறுக்கே நகர முடியாது. நரம்பிழைக் கட்டிலும் அப்படித்தான். நீர் எந்தத் திசையில் அதிகம் நகர்கிறது என்பதைப் பல திசைகளில் அளந்து கணக்கிடும் முறை 1994-ல் வந்தது. இடம் வலமாக ஓடும் இழைக்குச் சிவப்பு, முன்பின்னுக்குப் பச்சை, மேல் கீழுக்கு நீலம். விளம்பரத்தில் சித்தி பார்த்த வண்ண நூல்கள் இந்தக் கணக்கை வைத்துக் கம்ப்யூட்டர் வரைந்தவை. இதிலிருந்து எஃப்.ஏ. என்ற எண் கிடைக்கும், 0 முதல் 1 வரை. இழைகள் கட்டுக்கோப்பாக ஒரே திசையில் இருந்தால் எண் ஏறும், குலைந்திருந்தால் இறங்கும்.

மனச்சிதைவில் இந்த எண் குறைகிறதா? குறைகிறது. எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 2018-ல் 29 மையங்களின் ஸ்கேன்களை ஒன்று சேர்த்துப் பார்த்தது. நோயுள்ளவர்கள் 1,963 பேர், நோயில்லாதவர்கள் 2,359 பேர். அலசிய 25 பகுதிகளில் 20-ல் எஃப்.ஏ. குறைந்திருந்தது. இரண்டு அரைமூளைகளை இணைக்கும் பாலமான கார்ப்பஸ் கலோசத்திலும், நெற்றிப்பக்கம் விரியும் இழைக்கற்றையிலும் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை.

ஆனால் வித்தியாசம் எவ்வளவு? மூளை முழுவதற்குமான சராசரியில் அந்த ஆய்வு கண்ட அளவு 0.42. புள்ளியியல்காரர்கள் இதை மிதமானது என்பார்கள். சித்திக்குப் புரிகிற மாதிரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். நோயுள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு ஜோடியாக எடுத்து, இருவரில் யாருக்கு எண் குறைவு என்று பார்த்தால், நூறு ஜோடிகளில் சுமார் 62-ல் நோயுள்ளவருக்குக் குறைவாக இருக்கும். மீதி 38-ல் நோயில்லாதவருக்குத்தான் குறைவு. காசைச் சுண்டிப் போட்டாலே ஐம்பது தடவை சரியாக வரும். தம்பியின் எண் குறைந்திருந்தாலும் நோயை அது உறுதி செய்யாது, சரியாக இருந்தாலும் நோய் இல்லையென்று ஆகாது.

மெஷின் பக்கத்திலேயே வேலை செய்கிறவள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே ஆளை இரண்டு கம்பெனி மெஷின்களில் எடுத்தால் எண் ஒன்றாக வராது. எத்தனை திசைகளில் அளந்தோம், எந்த மென்பொருளில் கணக்கிட்டோம் என்பதைப் பொறுத்தும் மாறும். தலை கொஞ்சம் ஆடினாலே கணக்கு கெடும். பயந்துபோய் உள்ளே படுத்திருக்கும் பிள்ளைக்குத் தலை ஆடாமலா இருக்கும்? வயது, புகைப்பழக்கம் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணில் உட்கார்ந்திருக்கும். ஆரோக்கியமான மூளையிலேயே இழைகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில் எஃப்.ஏ. தாழ்ந்துதான் இருக்கும். சர்க்கரைக்கு இவ்வளவு, ரத்த அழுத்தத்துக்கு இவ்வளவு என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு இருக்கிற மாதிரி எஃப்.ஏ.வுக்கு ஒன்று இல்லை. மூளைக் கட்டி அறுவைக்கு முன் இழைகள் எங்கே ஓடுகின்றன என்று பார்க்க இதே ஸ்கேன் அருமையாக உதவுகிறது, நானே அதற்காக எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அங்கே கேட்கப்படும் கேள்வி வேறு.

எண் ஏன் குறைந்தது என்பதையும் அந்த எண் சொல்லாது. உறை மெலிந்ததாலா, இழை குறைந்ததாலா, இழைகளுக்கு நடுவே நீர் கூடியதாலா? அதைப் பிரிக்கத்தான் புதிய முறைகள் வந்தன. இழைகளுக்கு வெளியே உள்ள நீரைத் தனியாகக் கழித்துப் பார்க்கும் முறையில் 2012-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. நோய் புதிதாகத் தொடங்கியவர்களிடம் வெளிநீர்தான் பரவலாகக் கூடியிருந்தது, இழையின் மாற்றம் நெற்றிப்பக்கம் கொஞ்சம்தான். அப்படியென்றால் ஆரம்பக் கட்டத்தில் நடப்பது சேதத்தைவிட அழற்சியாக இருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை பிறந்தது. மயலின் அடுக்குகளுக்குள் சிக்கிய நீரை மட்டும் அளக்கும் முறையும் இருக்கிறது, மயலினுக்கு அதுதான் நெருக்கம். இரண்டுமே எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சிகள். ஆனால் மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதும் இடத்துக்கு இரண்டும் இன்னும் வரவில்லை.

ரத்தப் பரிசோதனைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். எஸ்100பி என்ற புரதம் மூளையின் துணை அணுக்களில் இருக்கிறது. மனச்சிதைவு உள்ளவர்களின் ரத்தத்தில் அது கூடியிருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் உடம்புக் கொழுப்பிலும் அது இருக்கிறது. மாத்திரையால் எடை கூடினாலே அளவு ஏறிவிடும். தம்பி எட்டு மாதத்தில் நன்றாகப் பருத்திருந்தான், அவனுக்கு எடுத்திருந்தால் எதை அளந்திருப்போம்? நியூரோஃபிலமென்ட் லைட் என்பது நரம்பிழை சிதையும்போது ரத்தத்தில் கசியும் புரதம். மனச்சிதைவில் அது பெரிதாக ஏறுவதில்லை. ஏறாததுதான் அதன் பயன். நடுவயதில் திடீரென்று குணம் மாறியவருக்கு வந்திருப்பது மனநோயா, மூளைத் தேய்வு நோயா என்று மருத்துவர்கள் பிரித்துப் பார்க்க அது கைகொடுக்கிறது. 22 வயதுப் பையனிடம் இந்தச் சந்தேகம் யாருக்கும் எழவில்லை.

விளம்பரத்தில் இல்லாத சாதாரண எம்.ஆர்.ஐ.க்குத்தான் நான் சரி என்றேன். அதுவும் ஒரே ஒரு தடவை.

மனச்சிதைவு போலவே வேஷம் போடும் வெண்பொருள் நோய்கள் உண்டு. மெட்டாகுரோமேட்டிக் லியூக்கோடிஸ்ட்ரஃபி என்று ஒன்று. அரைல்சல்ஃபடேஸ் ஏ என்ற நொதி குறைவதால் மயலின் அழியும் பரம்பரை நோய். குழந்தைக்கு வந்தால் நடை போகும். வளரிளம் பருவத்திலோ இளவயதிலோ தொடங்கினால் முதலில் குரல் கேட்பதும் சந்தேகப்படுவதுமாக வரலாம். அந்த வயதில் தொடங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இப்படிப்பட்ட மனப்பிறழ்வு அறிகுறிகள் இருந்ததாக 1992-ல் வெளிவந்த ஒரு தொகுப்பு காட்டியது. இந்த நோயில் வெண்பொருள் மாற்றம் சாதாரண எம்.ஆர்.ஐ.யிலேயே வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும், வண்ண நூல் தேவையில்லை. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இது வரும். நம் பக்கம் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் சகஜம். சித்தியும் சித்தப்பாவும் அப்படித்தான். அரிய நோய்தான் என்றாலும், சொந்தத்தில் கல்யாணம் செய்த வீட்டில் இந்தக் கேள்வியை ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. நடையில் தடுமாற்றமோ, ஞாபகமும் படிப்பும் வேகமாகச் சரிவதோ கூட இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும்.

இது மட்டுமில்லை. முதல் முறை மனப்பிறழ்வு வந்த 1,600-க்கும் மேற்பட்டவர்களின் எம்.ஆர்.ஐ. முடிவுகளைத் தொகுத்து 2023-ல் ஒரு ஆய்வு வந்தது. சுமார் 18 பேரில் ஒருவருக்கு, நோய்க் கணிப்பையோ சிகிச்சையையோ மாற்ற வேண்டிய ஏதோ ஒன்று தெரிந்தது. மீதி 17 பேருக்கு எதுவும் மாறாது. ஆனாலும் அந்த ஒருவருக்காக இந்தக் காசைச் செலவழிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அரசு மருத்துவமனையில் எடுத்தால் செலவும் குறைவு. தைராய்டு, பி12, சிபிலிஸ், எச்.ஐ.வி. போன்ற ரத்தப் பரிசோதனைகளையும் மருத்துவர் கூடவே எழுதிக் கொடுத்தார். சில வாரங்களுக்குள் மளமளவென்று முற்றி, வலிப்பு, காய்ச்சல், வாய் கோணி அசைவது என்று ஏதாவது சேர்ந்திருந்தால் அது வேறு கதை. 2007-ல் அடையாளம் காணப்பட்ட ஒரு வகை மூளை அழற்சி அப்படி வரும், சிகிச்சையும் உண்டு. அப்போது எந்த ஒப்பீட்டுக்கும் நேரமில்லை, அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஸ்கேன் அன்று தம்பியின் வலது கையில் கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து இருந்தது. சேர்வராயன் கோவிலில் வேண்டிக்கொண்டு சித்தி கட்டியது. வியர்வையில் கயிறு இறுகிச் சதையில் பதிந்திருந்தது. செம்பு காந்தத்தில் இழுபடாது, ஆனால் உள்ளே சூடாகலாம். மூடியில் இரும்பு கலந்திருந்தால் இன்னும் ஆபத்து. கழற்றச் சொன்னதும் கையை மார்போடு சேர்த்துக்கொண்டான். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, முடிச்சை நகத்தால் நெகிழ்த்தி, அறுக்காமலே உருவினேன். "என் கையிலயே வெச்சிருக்கேன்டா தம்பி. கண்ணாடி வழியா பாரு, தெரியும்" என்றேன். தலைக்கூட்டில் இருக்கும் கண்ணாடி வழியாக என் உள்ளங்கை தெரியும்படி ஸ்கேன் முடியும்வரை தூக்கிப் பிடித்திருந்தேன். பட்டன்களை இன்னொருவர் அமுக்கினார். தம்பி ஆடவே இல்லை. வெளியே வந்ததும் பழைய இடத்திலேயே கட்டிவிட்டேன், கொஞ்சம் தளர்வாக.

ரிப்போர்ட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தது. சித்தி அழுதுவிட்டார். "எல்லாம் நல்லா இருக்குன்னா, அப்புறம் ஏன் கண்ணு இப்படி இருக்கான்?"

மனச்சிதைவு உள்ள பெரும்பாலானவர்களின் சாதாரண எம்.ஆர்.ஐ. இப்படித்தான் வரும் என்று சொன்னேன். கட்டி, மூளையில் நீர் தேங்குவது, வெண்பொருளைத் தின்னும் நோய் எதுவும் இல்லை என்பதைத்தான் அந்தத் தாள் சொல்கிறது. பையன் நடிக்கிறான் என்று அது சொல்லவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் யாராவது "ஸ்கேன்ல ஒண்ணுமில்லையாமே" என்றால் இதையே பதிலாகச் சொல்லச் சொன்னேன். சித்தியின் மனதில் இன்னொரு முள்ளும் இருந்தது, மாத்திரைதான் மூளையைக் கெடுத்துவிட்டதோ என்று. அந்த 2018 ஆய்வில் மருந்தின் அளவுக்கும் வெண்பொருள் எண்ணுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை என்றேன். அதைக் கேட்டபின்தான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஆராய்ச்சியில் சேரும் வழியை நான் ஒதுக்கவில்லை. பெங்களூரில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவ நிறுவனத்திலும், மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பிலும் மனச்சிதைவு பற்றிய ஆய்வுகள் நடந்து வருகின்றன. இந்த மாதிரி இடங்களில் ஆய்வுக்காக டி.டி.ஐ. எடுக்கிறோம், காசு வேண்டாம் என்று கேட்டால் தாராளமாகப் படுக்கலாம். நாளைக்கு யாரோ ஒரு பிள்ளைக்குப் பயன்படும். எழுத்தில் சம்மதம் கேட்பார்கள், வேண்டாமென்றால் பாதியில் விலகலாம், வைத்தியம் அதனால் நிற்காது. ஆராய்ச்சி என்ற பெயரில் நம்மிடம் பணம் கேட்டால் மட்டும் சம்மதிக்க வேண்டாம். தம்பியைக் கேட்டேன், இப்போதைக்கு அவ்வளவு தூரம் பஸ்ஸில் வர முடியாது என்றான். சரி என்று விட்டுவிட்டோம்.

ஊசிக்கு வருவோம். மருந்து உடம்பில் சீராக இருக்கிறது, தினமும் மாத்திரைக்காக நடக்கும் சண்டை நிற்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டு காரணமே போதும். வெண்பொருளைப் பற்றியும் ஒரு சேதி உண்டு. முதல் முறை நோய் வந்தவர்களில் ஒரே மருந்தை ஊசியாகப் போட்டவர்களையும் மாத்திரையாகச் சாப்பிட்டவர்களையும் ஆறு மாதம் ஒப்பிட்டு 2011-ல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. ஊசி போட்டவர்களுக்கு நெற்றிப்பக்க வெண்பொருளின் அளவு குறையாமல் நின்றது, மாத்திரைக்காரர்களுக்குக் குறைந்தது. சிறிய ஆய்வு என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்கச் சொல்ல மாட்டேன். 2015-ல் வந்த இன்னொன்றில், ஆறு மாதம் சைக்கிள் மிதித்தவர்களின் வெண்பொருள் இழைகள் மேம்பட்டிருந்தன, நோயுள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும். ஏற்காட்டு ஏற்றத்தில் சைக்கிள் நடக்காது. சித்தப்பா அவனைக் காலையில் மிளகுக் கொடி பார்க்கக் கூட்டிப்போக ஆரம்பித்தார்.

டி.டி.ஐ.க்கு ஆகியிருக்கும் காசில் ஒரு பகுதி இப்போது மாதாமாதம் மலையிறங்கி வரும் பஸ் செலவுக்குப் போகிறது. ஊசி அரசு மருத்துவமனையிலேயே போடுகிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் தம்பிக்கு வாந்தி வரும் என்பதால் ஒரு எலுமிச்சம்பழம் கையில் இருக்கும். நடுராத்திரியில் ஏதாவது ஆனால் கூப்பிட 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை, டெலி மானஸ் என்பார்கள், அதைச் சித்தியின் போனில் பதிந்து கொடுத்திருக்கிறேன், தமிழிலேயே பேசுவார்கள்.

ஸ்கேன் சி.டி.யை வாங்காமல் வராதீர்கள் என்று சித்தியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பின்னாளில் எப்போதாவது இன்னொரு ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், இன்றைய படத்தை வைத்துத்தான் எது புதிது, எது பழையது என்று பார்க்க முடியும். பிலிம் மட்டும் போதாது. இப்போது அது பீரோவில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. உறையின் மேல் தம்பியே தன் கையெழுத்தில் பெயரும் தேதியும் எழுதி, அதற்குக் கீழே அடுத்த ஊசி நாளையும் குறித்து வைத்திருக்கிறான்.